எலும்புக்கு ஒருவர், இதயத்துக்கு ஒருவர், அம்மாவுக்கு யார்?

அம்மாவின் இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது. ரத்தம் ஏற்பாடு, காப்பீட்டுக் கையெழுத்து, கம்பி வைத்தது எல்லாம் பெரிய சிக்கல் இல்லாமல் நடந்தது. வீட்டில் பெரியவர்கள் விழுந்து இதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டம் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது அதற்கு அப்புறம் நடந்ததை. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

அம்மாவுக்கு 78 வயது. ஊர் சேரன்மகாதேவி பக்கம். விழுவதற்கு முன்பே பிரஷருக்கு உள்ளூரில் ஒரு டாக்டர், இதயத்துக்குத் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டாக்டர், கால் எரிச்சலுக்கு இன்னொருவர். விழுந்ததும் எலும்பு டாக்டர் சேர்ந்துகொண்டார். ஒவ்வொருவரும் அவரவர் வேலையில் கெட்டிக்காரர். ஆனால் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் புரட்டிப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் அம்மாவின் பேச்சு மாறியது. எப்போதோ இறந்துபோன என் மாமாவுக்குச் சோறு போடச் சொன்னாள். ராத்திரி முழுக்க விழித்திருந்து சேலைத் தலைப்பைப் பிய்த்தாள். பகலில் தட்டி எழுப்பினாலும் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "வயசாயிட்டுல்லா அண்ணாச்சி, ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும்" என்று பதில். மறுபரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனபோது எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்து, "கம்பி அருமையா உட்கார்ந்திருக்கு" என்றார். பேச்சு குழறுகிறதே என்றேன். மூளை நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னார். அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். அந்தக் குழாய்க்குள் அம்மாவைப் படுக்க வைக்க நாங்கள் பட்ட பாட்டை விடுங்கள். "வயசுக்கேத்த சுருக்கம்தான், மறதி ஆரம்பிக்குது" என்று இன்னொரு மாத்திரை எழுதினார்.

உருப்படியான முதல் ஆள் யார் என்றால், எங்கள் பஜார் மருந்துக்கடைத் தம்பி. மாத்திரை வாங்கப் போனபோது எல்லாச் சீட்டையும் கேட்டு வாங்கினான். பழைய அட்டைகளையும் கொண்டுவரச் சொல்லி, கண்ணாடி மேஜை மேல் வரிசையாகப் பரப்பினான். "அண்ணாச்சி, இந்த ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனி பேருதான் வேற" என்று இரண்டு அட்டையை ஒதுக்கினான். இரண்டிலும் அம்லோடிபின். ஒன்றில் தனியாக, மற்றதில் வேறொரு பிரஷர் மருந்தோடு கலந்து. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் எழுந்து நிற்கும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றாமல் என்ன செய்யும்? அம்மா முதலில் விழுந்ததே விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோதுதான். அப்புறம் ஒரு சளி மாத்திரை. அதிலுள்ள குளோர்பெனிரமின் வயதானவர்களுக்குக் குழப்பம் கொடுக்கும், சிறுநீரையும் அடைக்கும் என்றான். "நானா நிறுத்தச் சொல்லக்கூடாது. எல்லாத்தையும் ஒரே டாக்டர்ட்ட காட்டுங்க" என்று பாளையங்கோட்டையில் ஒரு பொது மருத்துவர் பெயரைச் சொன்னான்.

முதியோர் மருத்துவம் என்று தனியாக ஒரு படிப்பு இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராசன் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கியது 1978-இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பு வந்தது 1996-இல். அந்த முறையில் டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், உணவு ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்களாம். எங்கள் பக்கம் அவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள், ஆளுக்கு ஒரு தெருவில். சேர்த்து வைக்கிற வேலை வீட்டுக்காரர்கள் தலையில்.

மருந்துக்கடைத் தம்பி சொன்ன பாளையங்கோட்டை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரைப் பையைக் கொண்டு வந்தீங்களா?" அம்மாவைப் படுக்க வைத்து ஒரு தடவை, உட்கார வைத்து ஒரு தடவை, இருவர் பிடித்து நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தார். மலம் போகிறதா, சிறுநீர் கட்டுகிறதா, பல் இருக்கிறதா, கண் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "படிப்படியா வந்தா மறதி நோயான்னு யோசிக்கலாம். சில நாள்ல திடீர்னு வந்தா அது வேற. உப்பு, கிருமி, மலச்சிக்கல், மருந்து, இதைத்தான் முதல்ல தேடணும்" என்றார். அன்று சாயங்காலமே ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ரத்தத்தில் இருக்கும் உப்பு, அதாவது சோடியம், 121. இருக்க வேண்டியது 135-க்கு மேல். பிரஷர் மாத்திரையில் சேர்ந்திருந்த ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் பிரிக்கும் மருந்துதான் முக்கியக் காரணம் என்றார். எம்.ஆர்.ஐ. செலவில் இந்தப் பரிசோதனையைப் பல தடவை எடுத்திருக்கலாம்.

சோடியத்தை ஒரேயடியாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து, மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார். பாதி மாத்திரைகளை நிறுத்தினார், மறதி மாத்திரை உட்பட. சில நாளில் அம்மா தெளிந்துவிட்டாள். நடந்ததைச் சொன்னதும், "ஏல, உங்க மாமா செத்து எத்தன வருசமாச்சு, அவருக்கா சோறு போடச் சொன்னேன்?" என்று என்னைத்தான் திட்டினாள். அந்த வசவு காதுக்கு இனிமையாக இருந்தது.

இதற்கு நடுவில், ஆபரேஷன் நடந்த இடத்தில் எடுத்த பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகள் வேண்டும் என்று டாக்டர் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியில் அவை இல்லை. அங்கே கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சம்மரியில எல்லாம் இருக்கும் சார்" என்றார். இல்லை என்று காட்டினேன். "அப்ப டைப் பண்றவர் வரணும். நாளைக்கு வாங்க." மறுநாள் டைப் பண்றவர் வந்திருந்தார், கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். வெளியே வரும்போது வாசலில் பிளாஸ்கோடு நின்ற ஒரு ஆயா அக்கா, "லேப்ல போய் ஐ.பி. நம்பரைச் சொல்லுங்க, குடுத்துருவாங்க" என்றாள். போய் அந்த உள்நோயாளி எண்ணைச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் பிரிண்ட் வந்தது. அதில், சேர்த்த அன்றைக்கே சோடியம் 128. எம்.ஆர்.ஐ.-க்கு எங்களை அலைய விடுவதற்கு எவ்வளவோ முன்பே தெரிந்த எண் அது. யாரும் வாய் திறக்கவில்லை. நீங்களும் டிஸ்சார்ஜ் அன்றே லேப் முடிவுகளைத் தனியாகக் கேட்டு வாங்கிவிடுங்கள், சம்மரியை நம்பி வந்துவிடாதீர்கள்.

அப்புறம் ஆள் தேடும் படலம். ஒரு ஏஜென்சி, பயிற்சி பெற்ற நர்ஸ் என்று சொல்லி முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண்ணை அனுப்பியது. பாவம், படுத்திருப்பவரைப் புரட்டிப் போடக்கூட அதற்குத் தெரியவில்லை. அம்மாதான் அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். முன்பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது. கடைசியில் கிடைத்தவர் எங்கள் தெருவிலேயே இருந்த, முன்பு ஆஸ்பத்திரியில் ஆயாவாக வேலை பார்த்த ஒரு அக்கா. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டுவது, குதிகாலைத் தினமும் பார்ப்பது, சிவந்த இடத்தைத் தேய்க்காமல் இருப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஏஜென்சிக்குப் போகிறவர்கள் வருகிற ஆளை ஒரு தடவை உங்கள் கண் முன்னால் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

உணவு ஆலோசகர் கொடுத்த அட்டையில் ஓட்ஸ், பிரவுன் பிரட், முட்டை வெள்ளைக்கரு. நாங்கள் சைவம் என்று முதல் வரியிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம். உளுந்தங்களி கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, லிஸ்டில் இல்லையே என்றார். டாக்டரிடம் கேட்டேன். "தாராளமா. கருப்பட்டியை மட்டும் அளவா போடுங்க. பாசிப்பயறு, மோர், பருப்பு எல்லாம் குடுங்க, சதை கரையாம இருக்கணும்" என்றார். உப்பை நம் இஷ்டத்துக்குக் கூட்டவும் வேண்டாம், அடியோடு நிறுத்தவும் வேண்டாம் என்றும் சொன்னார்.

பிசியோதெரபி விஷயத்தில்தான் ஒரு நல்ல காரியம் நடந்தது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது ஊரெல்லாம் பேச்சாக இருந்தது. பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்கவும், படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கவும் அதில் ஆள் உண்டு. எங்கள் தெருவுக்கு வரும் தன்னார்வலரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தோம். கொஞ்சம் காக்க வைத்தார்கள், ஆனால் வந்தார்கள்.

வந்த பிசியோதெரபிஸ்ட் முதலில் பார்த்தது அம்மாவின் காலை அல்ல, வாக்கரை. கடைக்காரர் கொடுத்த உயரத்திலேயே வைத்திருந்தோம். அம்மா தோளைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போனாள். நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டுக்கு நேராகக் கைப்பிடி வரும்படி நான்கு கால்களிலும் பித்தானை அமுக்கி ஒரு துளை கீழே இறக்கினார். கைப்பிடி தாழ்ந்ததும் அம்மாவின் தோள் இறங்கியது. "இப்ப நடங்க ஆச்சி. முதல்ல வாக்கர், அப்புறம் ஆபரேஷன் பண்ண கால், அப்புறம் நல்ல கால்." வீட்டையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, குளியலறைச் சுவரில் கைப்பிடி, கக்கூஸில் உயரமான நாற்காலி, கட்டில் பக்கம் ராத்திரி விளக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் கிடந்த கால்மிதியை எடுத்து எறியச் சொன்னார். அம்மாவுக்கு அதில்தான் கோபம்.

வேறு எதற்காவது யாரைக் கேட்பது என்று தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது. பென்ஷன், பராமரிப்பு, சட்ட விஷயம் எல்லாம் கேட்கலாம்.

எங்களுக்கு இப்போது கண் பாக்கி. இரண்டு கண்ணிலும் புரை. நடை பழகிய பிறகு ஆபரேஷன் பார்க்கலாமா என்றதற்கு, பார்வை தெளியாமல் மறுபடி விழுவார்கள், சீக்கிரம் பாருங்கள் என்கிறார் பாளையங்கோட்டை டாக்டர். கண் டாக்டரோ இதய டாக்டரிடம் சரி என்று எழுதி வாங்கி வரச் சொல்கிறார். இதய டாக்டர் சனிக்கிழமைதான் வருவாராம். மருந்துக்கடைத் தம்பி எல்லா மாத்திரையையும் மூலப்பெயரோடு ஒரே தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன், டாக்டருக்கு ஒன்று, கவுண்டருக்கு ஒன்று.