கியாந்தியில் ஒரு சாணி மாநாடு

ஃப்ளாரன்ஸிலிருந்து சியேனா போகிற வழியில் கியாந்தி மலைகள். அதில் பான்சானோ பக்கம் இயற்கை விவசாயத் தோட்டங்கள் அதிகம். மே மாத ஆரம்பத்தில் அங்கே ஒரு தோட்டத்தில் ஒயின் சுவைக்கப் போனோம். நான் போனது ஒயினுக்கு. என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, இவர் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால்காரர் வீட்டுப் பிள்ளை. எந்தக் கொடியைப் பார்த்தாலும் கால் நின்றுவிடும்.

மேசையில் கோப்பைகள், பெக்கோரினோ சீஸ், உப்பில்லாத ரொட்டி. (டஸ்கனியில் ரொட்டிக்கு உப்பு போட மாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு கதை.) தோட்டக்காரப் பெரியவர், முதலில் மண்ணைப் பாருங்கள் என்று வெளியே கூட்டிப்போனார்.

திராட்சை இலையில் நீலத் திட்டு. இவர் முகர்ந்து பார்த்துவிட்டு, "போர்டோ?" என்றார். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. கியாந்திக்கு வந்து பிரெஞ்சு ஒயின் கேட்கிறானே என்று நினைத்திருக்கிறார். "நோ! சாஞ்ஜோவேசே!" என்று அந்த ஊர்த் திராட்சையின் பேரைச் சொன்னார். இவர் விடாமல் இலையைக் காட்டி, மருந்தடிக்கிற மாதிரி கையை ஆட்டினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, வெற்றிலைக்கும் அடிப்பதுதான். புரிந்ததும் பெரியவர் இவர் தோளில் கை போட்டுக்கொண்டார். என் ஒயின் அத்தோடு போச்சு.

மயில்துத்தத்தில் இருப்பது தாமிரம். இயற்கை விவசாயத்திலும் தாமிரம் அடிக்கலாம், ஆனால் ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோதான் என்று ஐரோப்பியச் சட்டம். 2023-இல் அடிக்க அடிக்க மழை கழுவிப்போய், அடிச்சாம்பல் நோய் வந்த கதையை அவர் சொல்ல, நான் தமிழில் சொல்ல, இவர் சொந்தக்காரர் வீட்டு இழவு மாதிரி உச் கொட்டினார். அப்புறம் வரிசைக்கு நடுவே பசுந்தாள் உரமாக விதைத்திருந்த அவரை. பூத்ததும் மடக்கி உழுவார்களாம். "நம்ம தக்கைப்பூண்டு!" அப்புறம் மாட்டுக்கொம்பில் சாணியை அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து வைத்து உரமாக்கும் கதை. அதில் மட்டும் அரை மணி நேரம். எந்த மாட்டுச் சாணி என்று விசாரணை வேறு. கடைசியில் பழுத்த குலையாகப் பார்த்துத் தின்கிற காட்டுப்பன்றிகளை இரண்டு பேரும் அவரவர் மொழியில் திட்டினார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் திரும்பிப் போய், கழுத்தில் கருப்புச் சேவல் முத்திரை போட்ட கியாந்தி கிளாசிக்கோவைத் தனியாகக் குடித்தேன். நல்ல துவர்ப்பு, நல்ல புளிப்பு. அவர்கள் வரும்போது ரொட்டியும் தீர்ந்திருந்தது.

கிளம்பும்போது நான் இரண்டு பாட்டில் வாங்கினேன். இவர் கையில் ஒரு காகிதப் பை. என்ன என்றேன். அவரை விதை, பெரியவர் கொடுத்தது, ஒரு ஏக்கருக்குக்கூட வரும் என்றார். நாங்கள் குடியிருப்பது நாலாவது மாடி. பால்கனி கிடையாது.