"இந்த வருஷம் நான் பேசட்டுமா?"

நீலகிரியில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். கூடவே சம வாய்ப்பு மையத்தின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. மார்ச் 8 மகளிர் தினம், ஏப்ரல் 14 சமத்துவ நாள், ஆகஸ்ட் 9 உலகப் பழங்குடிகள் தினம், செப்டம்பர் 17 சமூக நீதி நாள், நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாள் இயக்கம், அதற்கு நடுவே டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் ஆயத்தக் கூட்டத்தில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "வரவேற்புக்கு டான்ஸ் யாரு?"

இந்த மலையில் அதற்குப் பதில் தயாராக இருக்கும். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று மிகவும் நலிந்த பழங்குடிகளாகத் தமிழ்நாட்டில் பட்டியலிடப்பட்ட ஆறு சமூகங்களும் இங்கே வாழ்கின்றன. "நம்ம ட்ரைபல் பிள்ளைங்க இருக்காங்களே" என்று யாராவது சொல்வார்கள். விஷயம் முடிந்துவிடும். வகுப்பில் அந்தப் பிள்ளைகளின் பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரியாதவர்கள்கூட அன்றைக்கு அவர்களைத் தேடிப் போவார்கள்.

நடனத்தின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோத்தர் ஊரில் கம்பட்டராயர் திருவிழாவின்போது கொள் என்ற ஊதுகுழலும் பறையும் ஒலிக்க வட்டமாக ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். அது தெய்வத்தின் முன்னால் ஊர் கூடி ஆடுகிற ஆட்டம். சிறப்பு விருந்தினர் காரை விட்டு இறங்கி மேடைக்கு வந்து சேரும் வரை ஆடுவதற்கு உண்டானதல்ல. பி.காம். படிக்க வந்த ஒரு பெண்ணை மூன்று வருஷமும் ஆடுவதற்கு மட்டும் கூப்பிடுகிற கல்லூரி, அவளை மாணவியாகப் பார்க்கவே இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

இதை முதலில் வாய்விட்டுக் கேட்டது ஒரு மாணவிதான். பந்தலூர்ப் பக்கம், பணியர் சமூகம், விடுதியில் தங்கிப் படித்தவள். ஆகஸ்ட் 9க்கு ஒத்திகை வைக்க ஆள் சொல்லி அனுப்பியிருந்தோம். நேராக என்னிடம் வந்தாள்.

"மேடம், போன வருஷமும் நாங்கதான் ஆடினோம். இந்த வருஷம் நான் பேசட்டுமா?"

"தாராளமா பேசும்மா. எதைப் பத்தி?"

"சாதி சர்டிபிகேட்டைப் பத்தி."

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு காகித விஷயமாகத் தோன்றலாம். ஆதிதிராவிடர் சான்றிதழை வட்டாட்சியரே கொடுத்துவிடலாம். பழங்குடியினர் சான்றிதழ் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் கையெழுத்தோடுதான் வர வேண்டும். அதற்கு விசாரணை உண்டு, அப்பாவின் சான்று கேட்பார்கள், அவருக்கு இல்லையென்றால் உறவினர் சான்று கேட்பார்கள். பள்ளிக்கூடப் படியே மிதிக்காத தலைமுறையிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? போலிச் சான்று வாங்குகிறவர்களைத் தடுக்கப் போட்ட கெடுபிடி, உண்மையான பணியர் வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் வந்து விழுகிறது. சான்று இல்லாவிட்டால் கல்வி உதவித்தொகை இல்லை. மாநிலத்தில் பழங்குடியினருக்கு இருக்கிற 1 சதவீத ஒதுக்கீட்டில் நிற்கவும் முடியாது.

அன்றைக்கு அவள் ஒரு கையில் மைக்கும் இன்னொரு கையில் தம்பி விண்ணப்பித்ததற்கான ஒப்புகைச் சீட்டுமாக மேடையில் நின்றாள். சீட்டில் இருந்த தேதியை வாசித்தாள். "பிளஸ் டூ பாஸ் பண்ணிட்டு அவன் தேயிலைக்கு மருந்தடிக்கப் போறான்" என்றாள். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை, யாரையும் திட்டவில்லை. முன்வரிசையில் இருந்த அதிகாரி தன் உரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மேடைக்கு வந்ததும் முதலில் அந்தச் சீட்டைத்தான் வாங்கிப் பார்த்தார். கூட்டம் முடிந்தபோது அவரைச் சுற்றி இன்னும் பல பிள்ளைகள் அதே மாதிரிச் சீட்டுகளோடு நின்றார்கள். அவர்களில் தோட்டங்களிலிருந்து வந்த தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து தமிழ்நாடு அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த குடும்பங்கள் அவை. தாத்தா பிறந்த ஊருக்கு ஆதாரம் காட்டச் சொன்னால் அவர்களுக்கும் இதே திண்டாட்டம்தான்.

அதற்கடுத்த வருஷத்திலிருந்து ஆகஸ்ட் 9 அன்று மேடைக்கு முன்னால் மேசைகளைப் போட்டோம். வருவாய்த் துறைக்கு ஒன்று, பழங்குடியினர் நலத் துறைக்கு ஒன்று, இ-சேவைக்கு ஒன்று. பொன்னாடைக்கும் நினைவுப் பரிசுக்கும் வைத்திருந்த பணம் ஜெராக்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் போனது. எல்லாச் சான்றும் அன்றே கிடைத்துவிடவில்லை. ஆனால் எந்தக் காகிதம் குறைகிறது, அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. நடனமும் இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆட விரும்பியவர்கள் மட்டும் ஆடினார்கள். பார்த்துக்கொண்டிருந்த படுகர் வீட்டுப் பிள்ளைகளும் தோட்டத்துப் பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொண்டார்கள்.

கூட்டத்தை எத்தனை மணிக்கு வைக்கிறோம் என்பதைச் சின்ன விஷயமாக நான் நினைப்பதில்லை. பாலின நீதிக் கருத்தரங்கை மாலை மூன்று மணிக்குத் தொடங்கினால், மஞ்சூர்ப் பக்கமும் கோத்தகிரிக்கு உள்ளே இருக்கிற ஊர்களுக்கும் போக வேண்டிய பெண்கள் நாலு மணியிலிருந்தே ஜன்னலைப் பார்க்க ஆரம்பிப்பார்கள். கடைசி பஸ் போய்விட்டால் மெயின் ரோட்டில் இறங்கித் தேயிலைக்குள் நடக்க வேண்டும். அங்கே காட்டுமாடு நிற்கும், சில இடங்களில் கரடி வரும், பனி இறங்கிவிட்டால் பக்கத்தில் நிற்பதே தெரியாது. பெண்களின் பாதுகாப்பு பற்றிப் பேசிவிட்டு அவர்களை அந்த இருட்டில் அனுப்ப எனக்கு மனசு வராது. எங்கள் கூட்டங்களைக் காலை பத்தரைக்கு மாற்றினோம். பாடவேளை போகிறது என்று துறைகளில் முணுமுணுப்பு இருந்தது, இன்றும் இருக்கிறது. அதற்காக நேரத்தை மாற்றப் போவதில்லை.

மகளிர் தினத்துக்கு அம்மாக்களையும் கூப்பிட வேண்டும் என்றபோது ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தோம். வேலை நாளில் வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சமவெளிப் பெண்களுக்கு 2021இல் கிடைத்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் மலைப்பகுதிகளுக்கு விரிவடையும் என்ற அறிவிப்பு 2024 பட்ஜெட்டில்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் வரப் போக ஆகும் செலவை நினைத்தே பலர் தயங்குவார்கள். வந்தவர்களில் கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் எழுந்து, காட்டுக்குள் கழிப்பறை இல்லாததால் மாதவிடாய் நாட்களில் தண்ணீரே குடிக்காமல் வேலை செய்கிறோம் என்றார். பெண்களுக்குத் தனிக் கழிப்பிடம் வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. அரங்கில் இருந்த பையன்கள் பலர் அப்படிப்பட்ட அம்மாக்களின் பிள்ளைகள். அந்தப் பேச்சை அவர்கள் வீட்டில் கேட்டிருக்கவே வாய்ப்பில்லை.

உள்ளகப் புகார்க் குழுவைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டத்தையும் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளையும் பவர்பாயிண்டில் எத்தனையோ முறை காட்டியாயிற்று. பிள்ளைகள் வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த விதிமுறைகளிலேயே ஒரு வழி இருக்கிறது: புகார் மாணவர்கள் சம்பந்தப்பட்டதானால் குழுவில் மூன்று மாணவப் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 16 நாள் இயக்கத்தில் சொற்பொழிவை விட்டுவிட்டு அந்தத் தேர்தலையே நிகழ்ச்சியாக வைத்தோம். போட்டியிட்டவர்கள் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பேசினார்கள். நான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு வகுப்பில், கடைசி பெஞ்சில் இருந்த பெண் கேட்டாள்: "கம்ப்ளைண்ட் குடுத்தா வீட்டுக்குச் சொல்லிடுவாங்களா?" வகுப்பே அமைதியாகிவிட்டது. அதுதான் எல்லோருக்கும் இருந்த கேள்வி. வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் வாய் திறப்பதில்லை. போட்டியிட்ட மாணவி சட்டத்தின் 16ஆம் பிரிவை எடுத்துச் சொன்னாள். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யாருடைய பெயரையும் அடையாளத்தையும் வெளியே விடக் கூடாது. "நான் வந்தா அதை மீற விடமாட்டேன்" என்றாள். எவ்வளவு பெரிய வழக்கறிஞரைக் கூட்டி வந்திருந்தாலும் அந்த ஒரு வரி அப்படிப் போய்ச் சேர்ந்திருக்காது. அதன்பிறகுதான் என் அறைக்கு வந்து, "புகார் இல்ல மேடம், சும்மா கேக்கணும்" என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள்.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் குழுவின் ஏழாவது அளவுகோலில் பாலினச் சமத்துவமும் உள்ளடக்கமும் வருகின்றன. அதற்காகத் தேதியும் இடமும் பதிந்த ஜியோடேக் போட்டோக்கள் எடுத்து வைக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு பேசியதற்குப் போட்டோ கிடையாது. அறிக்கை எழுதுகிறவர்கள் அதற்கு ஒரு இடம் கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுவருகிறேன்.

இன்னும் தீராமல் இருப்பது டிசம்பர் 3. மலைச்சரிவில் கட்டிய வளாகம் என்பதால் எங்கு போனாலும் படிக்கட்டு. எங்கள் அரங்கம் மாடியில் இருக்கிறது. ஊன்றுகோலோடு வருகிற மாணவர் ஒருவரை நண்பர்கள் தூக்கிக்கொண்டு போவார்கள். தூக்குகிற பிள்ளைகள் அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் தன்னைத் தூக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். 2016 சட்டம் உயர்கல்வியில் 5 சதவீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டை மட்டும் காட்டுவது எந்த வகை நியாயம்? சாய்தளம் கேட்டு மாணவர்கள் கையெழுத்திட்ட மனு நிர்வாகத்திடம் இருக்கிறது. அளவெடுத்துப் போயிருக்கிறார்கள், வேலை தொடங்கவில்லை. அதற்குள் முடியாவிட்டால் இந்த முறை கூட்டத்தைக் கீழே போர்டிகோவிலேயே நடத்துவதென்று அந்த மாணவரும் அவர் வகுப்பும் முடிவெடுத்துவிட்டார்கள். டிசம்பர் மழைக்கு ஷாமியானா தாங்காது, தகரக் கொட்டகைதான் போட வேண்டும். அதற்கு யாரிடம் விலை கேட்பது என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.