சீசரின் இடது முன்னங்கால்

செவ்வாய்க்கிழமை என்றால் எங்கள் கால்நடை மருந்தகத்தில் கூட்டம் இருக்காது. மாடு வைத்திருக்கிற ஆம்பளைகள் எல்லாம் வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போயிருப்பார்கள். விற்கிறவர் விற்கப் போவார், வாங்குகிறவர் வாங்கப் போவார், இரண்டும் இல்லாதவர் விலை கேட்கவாவது போவார். அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் சீசர் வந்தான்.

சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் அவனை இழுத்து வந்தார். பின்னால் குடையோடு அவர் மனைவி. கம்மவான்பேட்டைப் பக்கத்து ஆட்கள். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார் என்று பேர் வாங்கிய ஊர் அது. ராணுவப்பேட்டை என்றே சொல்கிறவர்களும் உண்டு.

"கடிக்குமா?" என்றேன்.

"நான் சொன்னாத்தான் கடிக்கும், டாக்டர்" என்றார்.

கறுப்பும் பழுப்புமாக நாலு வயது டாபர்மேன். வால் வெட்டப்பட்டிருந்தது. இடது முன்னங்காலில், பாதத்துக்குச் சற்று மேலே, பழைய ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடி உதிர்ந்து, தோல் தடித்து, நடுவில் சிவந்திருந்தது. ஐந்து மாதமாக ஆறவில்லையாம். மஞ்சள் வைத்தார்கள், வேப்பெண்ணெய் தடவினார்கள், மிலிட்டரி கேன்டீனில் வாங்கிய களிம்பையும் பூசினார்கள். எதைப் பூசினாலும் நக்கிவிடுகிறான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மாட்டு டாக்டர். படிப்பில் நாயும் உண்டு, குதிரையும் உண்டு. ஆனால் வேலைக்கு வந்த பிறகு சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, கன்று புரண்ட கேஸ், மடிவீக்கம் என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. நாய் என்றால் வெறிநோய்த் தடுப்பூசி, அதோடு சரி. மாடு தன் நோயை ஒளிக்காது. அசைபோடுவதை நிறுத்தும், மூக்கு நுனி காயும், தீவனத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பும். இருபது வருஷம் அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடுதான் சீசரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது புண் மட்டும்.

ஊசி போட்டேன், மாத்திரை எழுதினேன். நக்காமல் இருக்கக் கழுத்தில் புனல் மாட்ட வேண்டும். அது எங்கள் அலமாரியில் கிடையாது. (அந்த அலமாரியில் 'வட ஆற்காடு மாவட்டம்' என்று பொறித்த மர முத்திரை ஒன்று இன்னும் கிடக்கிறது. மாவட்டம் 1989இல் ஒரு தடவை பிரிந்து, 2019இல் மறுபடி மூன்றாகப் பிரிந்த பிறகும் அதைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வரவில்லை.) பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியை அறுத்து மாட்டச் சொன்னேன். "நல்லா குட்டையா கட்டிப் போடுங்க, ஆடாம இருந்தா ஆறிடும்" என்றும் சொன்னேன். அந்த யோசனையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரத்தில் புண் ஆறியது. பக்கெட்டைக் கழற்றிய ஒன்பதாம் நாள் திரும்ப வந்தார்கள். புண் முன்பைவிட எட்டணாக் காசு அளவு கூடியிருந்தது. தோலைச் சுரண்டிப் பார்த்தேன், உண்ணியும் இல்லை, சொறியும் இல்லை. மருந்தை மாற்றினேன். மூன்றாவது தடவை வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர்கள் ஒழுங்காக மாத்திரை கொடுப்பதில்லை என்று முடிவு கட்டி, சுபேதாரிடம் கொஞ்சம் சுருக்கென்று பேசினேன். அவர் அதை அப்படியே மனைவி பக்கம் திருப்பினார்.

"குடுக்கறது இவதான். கேளுங்க."

"அவுரு கத்தற கத்துல நாய் எங்க துண்ணுது? சொல்லுங்க டாக்டர் அவருக்கு."

இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். நிலம் விற்ற விஷயத்தில் ஏதோ மனஸ்தாபம், ஏழெட்டு மாதமாக அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. நான் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் உதவியாளர், பத்தாவது தாண்டாதவர், என் மேசை ஓரம் வந்து குனிந்தார்.

"சார், பாத்தீங்களா? அவுரு கொரல ஒசத்தனா அது கால எடுத்துக்குது."

பார்த்தேன். சுபேதார் பேசும்போது சீசர் கண்ணைத் தாழ்த்தி, காதை ஒட்டிக்கொண்டு, அந்தக் காலை மெதுவாக வாயருகே கொண்டுபோனான். அந்த அம்மா பதில் சொன்னபோது நக்குகிற வேகம் கூடியது. இருவரும் நிறுத்தினார்கள். அவனும் நிறுத்தினான்.

அன்று ராத்திரி பழைய பாடப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். லிக் கிரானுலோமா. நக்கி நக்கியே உண்டாகும் புண். டாபர்மேன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற பெரிய இனங்களில் அதிகம் வருவது. மூட்டு வலியால் வரலாம், ஒவ்வாமையால் வரலாம், தனிமையால், சலிப்பால், பதற்றத்தாலும் வரலாம். பரீட்சைக்கு நான் உருப்போட்ட பட்டியல்தான். டாபர்மேனில் சில நாய்கள் தன் விலாத் தோலையே வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருக்கும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னபடியே கட்டியிருந்தார்கள், கேட்டை ஒட்டி, குட்டைச் சங்கிலியில். தெருவில் போகிற ஒவ்வொரு சைக்கிளும் ஆடும் பால்காரரும் அவன் கண்ணில் படும். எல்லாவற்றுக்கும் எழுந்து நிற்க வேண்டும், எதற்கும் ஒன்றும் செய்ய முடியாது. இந்த இனத்துக்கு உடம்பில் குட்டை முடிதான், அதற்கு அடியில் மெத்தென்ற இரண்டாம் அடுக்கு முடி கிடையாது. கறுப்புத் தோல் வேலூர் வெயிலில் தகிக்கும். தரையில் அவன் கால் பரண்டிய பள்ளம் ஒரு சாண் இருந்தது.

டாபர்மேன் எதற்காக உண்டான நாய் என்று யோசித்தால் விஷயம் விளங்கும். ஜெர்மனியில் அபோல்டா என்ற ஊரில் கார்ல் டோபர்மான் என்று ஒரு வரி வசூல்காரர். ஊர்நாய்களைப் பிடித்து அடைக்கும் பட்டியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1894இல் இறந்துபோனார். வரி வசூலிக்கப் போகிறவரை யாருக்குத்தான் பிடிக்கும்? கூடவே நடக்க ஒரு நாய் வேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கலந்து வளர்த்தார். மந்தைக்காகவோ வேட்டைக்காகவோ அல்ல, ஒரே ஒரு ஆளின் பக்கத்தில் நடப்பதற்காக. அந்த ஆளின் கை சற்று இறுகினாலும் நாய்க்குத் தெரிய வேண்டும், எதிரே நிற்பவன் மூச்சு மாறினாலும் தெரிய வேண்டும். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த நாயைக் கேட்டில் கட்டிவிட்டு, வீட்டுக்குள் நடப்பது அதற்குக் கேட்காது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

நம் தெருநாய்க்கு அடி என்பது மழை மாதிரி. பெய்யும்போது ஒதுங்கும், நின்றதும் வந்துவிடும். கல்லால் அடித்தவன் கையிலேயே ஐந்தாம் நிமிஷம் பொறை வாங்கித் தின்னும். சீசரைச் சுபேதார் ஒரே ஒரு தடவை செய்தித்தாளைச் சுருட்டி அடித்தாராம். இரண்டு நாள் சோறு தொடவில்லை, அவர் முகத்தையும் பார்க்கவில்லை. "திமிரு, டாக்டர்" என்றார். மூன்று நாலு தடவை சொல்லிக்கொடுத்தால் எதையும் பிடித்துக்கொள்வான் என்று பெருமையாகச் சொன்னவரும் அவர்தான். நாம் சொல்லிக்கொடுக்காததையும் அதே வேகத்தில் பிடித்துக்கொள்வான் என்பதை அவர் யோசிக்கவில்லை. லுங்கி மாறி பேன்ட் வந்தால் அவர் வெளியே போகிறார். குடை வந்தால் ஆஸ்பத்திரி. குரல் ஏறினால் அம்மா அழுவார். புத்தி தனி, மனசு தனி என்று பிரித்து வாங்க முடிகிற சாமான் இல்லையே இது.

அறுபது வயசு ஆளிடம் இதை எப்படிச் சொல்வது? "நீங்கள் மனைவியோடு சண்டை போடுவதால் நாய்க்குப் புண்" என்று சொன்னால் அடுத்த தடவை வேறு டாக்டரைப் பார்க்கப் போய்விடுவார். உண்மையில் அது ஒன்றே காரணம் என்று என்னாலும் எழுதிக்கொடுக்க முடியாது. சங்கிலி, வெயில், வேலையில்லாமை எல்லாமே சேர்ந்ததுதான். நானும் அரசாங்க ஊழியன், அவரும் பட்டாளக்காரர். இருவருக்கும் புரிகிற ஒரே பாஷை உத்தரவு. சீட்டில் மருந்துக்கு மேலே வரிசை எண் போட்டு எழுதினேன்: நரம்பு சம்பந்தப்பட்ட நோய். வீட்டில் உரத்த சத்தம் கூடாது. இரவில் கட்டக் கூடாது, வீட்டுக்குள் ஆட்கள் பக்கத்தில் படுக்க வேண்டும். காலை மாலை அரை மணி நேரம் நடை. தினமும் ஏதாவது ஒரு வேலை.

"வேலைன்னா?"

"எதையாவது ஒளிச்சு வச்சு தேடச் சொல்லுங்க. கெடச்சா பாராட்டுங்க. கொரல மெல்லிசா வச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க யூனிட்ல நாய் வச்சிருந்த பையன் ஒருத்தன் அப்படித்தான், டாக்டர். பொம்பள மாதிரி கொஞ்சுவான். நாங்கல்லாம் சிரிப்போம்" என்றார். அந்த நாய் என்ன செய்தது என்று கேட்டேன். "கண்ணிவெடி எடுத்துச்சு" என்றார்.

மருந்து பக்கமும் என் தப்பைத் திருத்த வேண்டியிருந்தது. இந்தப் புண்ணில் கிருமி தோலின் ஆழத்தில் உட்கார்ந்திருக்கும். இரண்டு வார மாத்திரை மேல்பூச்சுதான். ஏழு வாரம் கொடுத்தேன். கூடவே மனிதர்கள் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் ஃப்ளுவாக்செடின், எடைக்குத் தகுந்த அளவில். அது வேலை செய்ய நாலைந்து வாரம் ஆகும் என்று முன்பே சொல்லிவைத்தேன். சீட்டைப் பார்த்த மெடிக்கல் ஷாப்காரர், "சீசர், வயசு நாலா? கொழந்தைக்கா இந்த மாத்திரை?" என்று பதறிப்போய் எனக்கே போன் போட்டார்.

சீட்டைச் சுபேதார் கூடத்துச் சுவரில் ஒட்டிவிட்டாராம். அடுத்த தடவை அந்த அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொரல் ஏறனா சொவத்தக் காட்டுவேன் டாக்டர். வாய மூடிக்குவாரு." இருவரும் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அது என் இலாகா இல்லை. ஆனால் மருந்தகத்தில் என்னைத் தபால்பெட்டியாக வைத்துப் பேசுவது நின்றிருந்தது.

சுபேதார் தன் பழைய பட்டாளத் தொப்பியைக் கொல்லையில் ஒளித்து வைப்பார். வைக்கோல் போருக்குள், துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால், ஒரு நாள் மாட்டுத் தொட்டிக்கு அடியில். சீசர் தேடி எடுத்து வந்து அவர் காலடியில் வைப்பான். "ரெண்டே நிமிஷம்!" என்று என்னிடம் கடிகாரத்தைக் காட்டினார்.

புண் முழுசாக ஆறியது என்று சொன்னால் பொய். சுருங்கியது, காய்ந்தது, ஆனால் அந்த இடத்தில் முடி வரவில்லை. தீபாவளிக்கு வெடிச் சத்தத்தில் மறுபடி நக்கினான், ஒரு வாரத்தில் விட்டான். ஒவ்வொரு முறை வரும்போதும் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலும் வைத்துப் பார்ப்பேன். இந்த இனத்துக்கு இதயத் தசை தளர்ந்துபோகும் நோய் அதிகம், வெளியே ஒன்றும் காட்டாமலே முற்றிவிடும். இதுவரை துடிப்பு ஒழுங்காகத்தான் இருக்கிறது.

போன மாசம் ராத்திரி பத்து மணிக்குச் சுபேதார் போன் செய்தார். வீட்டுப் பசு சினைக்கு நிற்கவில்லை என்று சொல்லத்தான். மைதானத்தில் கட்டளை போட்டே பழகிய அந்தக் குரல் எனக்குப் பாதிதான் கேட்டது. "சத்தமா சொல்லுங்க சார், லைன் சரியில்ல" என்றேன்.

"லைன் நல்லாத்தான் கீது டாக்டர்" என்று கிசுகிசுத்தார். "கால்மாட்டுல தூங்குது. வெளிய வந்து பேசறேன், இருங்க."