செந்தொப்பிக் குள்ளனும் ரோஜாப் பந்தும்: துரிங்கியாவில் இரண்டு ஊர்கள்

ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில் உள்ள எர்ஃபுர்ட்டில் ரயில் ஏறினால், ஆர்ன்ஸ்டாட் தாண்டி ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் கிரேஃபன்ரோடா வந்துவிடும். அடுத்து ரயில் மலையேறி, 1884இல் திறக்கப்பட்ட 3,039 மீட்டர் நீளமுள்ள பிராண்ட்லைட்டே சுரங்கத்துக்குள் நுழையும். அதற்கு முன்னாலேயே கிரேஃபன்ரோடாவில் இறங்கிவிட வேண்டும். தோட்டக் குள்ளன், அதாவது ஜெர்மானியர் ‘கார்ட்டன்ட்ஸ்வெர்க்’ என்று சொல்லும் சுட்ட மண் பொம்மை, தங்கள் ஊரில்தான் பிறந்தது என்று உரிமை கொண்டாடும் ஊர் இது. பிலிப் கிரீபல் 1874இல் இங்கே பட்டறை தொடங்கினார். முதலில் வார்த்தவை மிருகத் தலைகள். குள்ளர்கள் பிறகு வந்தார்கள். பட்டறையையும் பழைய உருவங்களையும் பார்க்கப் போகிறவர்கள், இப்போது திறந்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

இந்தக் குள்ளன் வீட்டுக்கு அதிர்ஷ்டம் தருவான் என்று ஏன் நம்புகிறார்கள் என்பது அவன் உடுப்பைப் பார்த்தாலே விளங்கும். கூம்புத் தொப்பி, தோல் ஏப்ரன், கையில் விளக்கோ மண்வெட்டியோ கோடரியோ: எல்லாம் சுரங்கத் தொழிலாளியின் கோலம். பூமிக்கடியில் தாதுவைக் காவல் காக்கும் குட்டி மனிதர்கள் உண்டு, அவர்கள் மனது வைத்தால் நல்ல தாது நரம்பைக் காட்டுவார்கள், கோபித்தால் கல்லை உருட்டுவார்கள் என்பது அங்கே தொழிலாளர்களிடையே வழங்கிய நம்பிக்கை. சுரங்கத்துக்குக் காவலாக இருந்தவனே தோட்டத்துக்கு வந்து, விதைத்ததையும் வீட்டையும் காக்கிறான். ஆகவே கையில் மண்வெட்டியோ விளக்கோ உள்ள உருவம்தான் மரபோடு ஒட்டியது. பியர்க் கோப்பை பிடித்தவை கடைச் சரக்கு.

வார்ப்பு முறை எளிது, பொறுமைதான் அதிகம் வேண்டும். தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பைப் பிளாஸ்டர் அச்சில் விளிம்புவரை ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்ச, அச்சின் உட்சுவரில் மண் படிந்து தடிக்கிறது. சில மில்லிமீட்டர் ஏறியதும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிடுகிறார்கள். உள்ளே வெறுமை, வெளியே குள்ளன். அச்சைச் சீக்கிரம் பிரித்தால் மூக்கு அச்சோடு வந்துவிடும். நீண்ட நேரம் விட்டால், சுருங்குகிற மண் அச்சைப் பிடித்துக் கொண்டு வெடிக்கும். கையில் பிடிக்கும் கருவிகளைத் தனியாகச் செய்து குழம்பாலேயே ஒட்டி, அச்சுத் தடத்தைக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைக்கிறார்கள். பிறகு நாள்கணக்கில் நிழலில் உலர்த்தல். உள்ளே ஈரம் இருக்கும்போது சூளையில் வைத்தால், நீராவி பொம்மையைத் துண்டாக்கிவிடும்; அடியில் துளை விடுவதும் இதற்காகத்தான். சுமார் 1,000 டிகிரியில் சுட்ட பிறகு வண்ணம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அந்தத் துளையைத்தான். பொம்மையைத் தூக்கி, விரல் முட்டியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுடப்பட்டது. மந்தமான சத்தம் வந்தால் உள்ளே விரிசல் இருக்கலாம்; வண்ணத்தை நம்பி எடுக்க வேண்டாம். தோட்டத்தில் நேரே மண் மேல் வைக்காமல், ஒரு தட்டைக் கல்மேல், துளை அடைபடாதபடி வைக்க வேண்டும். சுட்ட மண் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் பனிக்காலத்தில் உறைந்தால் பருமன் கூடி, வண்ணத்தையும் அதோடு மேல் தோலையும் சில்லுசில்லாகப் பெயர்க்கும். அதனால் முதல் உறைபனிக்கு முன்பே குள்ளனைக் கொட்டகைக்குள் எடுத்து வைத்துவிட வேண்டும். பொதுத் தோட்டமுள்ள அடுக்குமாடியில் வைப்பதென்றால், அயலாரின் சம்மதமும் தேவை. 1988இல் ஹாம்பர்க் மேல்நீதிமன்றம், கூட்டுத் தோட்டத்தில் நின்ற குள்ளர்களை அப்புறப்படுத்தச் சொல்லியது.

அடுத்த ஊர் லவுஷா. காரில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. ரயிலில் சொன்னபெர்க் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். 1597இலேயே கண்ணாடிச் சூளை தொடங்கிய மலைக் கிராமம். கிறிஸ்துமஸ் மரத்துக் கண்ணாடி உருண்டைகளால் பெயர் பெற்ற இந்த ஊரின் கைவேலையைத் தெரிந்துகொண்டால், ரோசன்கூகல் என்னும் ரோஜாப் பந்தும் புரியும். ஊதிய கண்ணாடி உருண்டை, உள்ளே வெள்ளிப் பூச்சு, அடியில் குழாய்க் கழுத்து. ரோஜாப் பாத்தி நடுவே கழியில் நட்டால், வருகிற தீய சக்தி தன் முகத்தையே அதில் கண்டு திரும்பிவிடும் என்பது பழைய நம்பிக்கை. வெள்ளி நைட்ரேட்டும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைக் கழுத்து வழியே ஊற்றி, உருண்டையைக் குலுக்கிக்கொண்டே சூடுபடுத்தினால், பழுப்பாகத் தொடங்கி ஒரு நொடியில் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடியாக மின்னும். அந்த நொடியைப் பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

இந்தப் பந்துகள் கெட்டுப்போவது பெரும்பாலும் கழுத்தில்தான். மரக்கழி இறுக்கமாக இருந்தால், மழையில் ஊறிப் பருத்துக் கழுத்தைப் பிளந்துவிடும். கழி கழுத்தைவிடச் சற்று மெல்லியதாக இருக்கட்டும். நடுவே துணியைச் சுற்றுங்கள், ஆனால் காற்றுப் போக இடம் விடுங்கள். நீர் உள்ளே தங்கினால் வெள்ளி கறுக்கும், உறைந்தால் உருண்டை வெடிக்கும். வெயிலைக் குவித்துச் செடியை எரிக்குமோ என்று பயப்பட வேண்டாம். புற வளைவுக் கண்ணாடி ஒளியைச் சிதறத்தான் செய்யும். நீர் நிறைந்த, பூச்சில்லாத தெளிந்த உருண்டைதான் ஆபத்து.

கிராம வீட்டுக் கூரைகளிலும் மதில்களிலும் ரோஜா வடிவில் கொத்தாக ஒட்டியிருக்கும் கள்ளி போன்ற செடியையும் நின்று பாருங்கள். ஹவுஸ்வுர்ட்ஸ் என்பார்கள், இடியைத் தடுக்கும் என்பது அதன் பெருமை. கி.பி. 800 வாக்கில் பேரரசர் சார்லமேனின் தோட்ட ஆணையே, தோட்டக்காரன் தன் வீட்டின் மேல் இதை வளர்க்க வேண்டும் என்கிறது. மண் இல்லாமல் ஓட்டிடுக்கில் பிழைக்கும். நீர் தேங்கினால் வேர் அழுகிச் சாகும்.

திரும்பும்போது பந்தைத் துணிக்குள் பொதிந்து கையிலேயே எடுத்துவாருங்கள். குள்ளனின் தொப்பி நுனிக்கும் கைக்கும் தனித்தனியே பஞ்சு வையுங்கள். உடைவது எப்போதும் அங்கேதான். செடியைக் கொண்டுவர ஆசைப்பட்டால் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் சுங்கத்தைத் தாண்ட முடியாது.