பெயரில் ‘தெ’ இருந்தால் பிரபுவா?

பிரெஞ்சுப் பெயரின் நடுவே ‘தெ’ (de, ‘இன்ன ஊரின்’ என்பதுபோல) வந்தாலே பிரபு வம்சம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். நிலம் வாங்கிய வணிகரும் அந்த நிலத்தின் பெயரை ‘தெ’ போட்டுத் தன் பெயரோடு ஒட்டிக்கொண்டார். ‘தெ’ இல்லாத பழைய பிரபுக் குடும்பங்களும் உண்டு.

டியூக், மார்க்கி, கோம்த், விகோம்த், பாரோன் என்ற பட்டங்களும் அப்படித்தான். பிரபுக்களில் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. முறையான பட்டம் என்றால், மன்னர் சாசனம் வழங்கி, அது உயர்நீதிமன்றமான பர்லமானில் பதிவாகியிருக்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டில் சாசனமே இல்லாமல், மரியாதைக்காக மார்க்கி என்று அழைக்கப்பட்டவர்கள் ஏராளம்.

ஆகவே ஒருவர் பிரபுவா என்று அறியப் பழைய திருமண ஒப்பந்தம் கையில் கிடைத்தால் பட்டத்தைத் தேடாதீர்கள். பெயரை ஒட்டி வரும் அடைமொழியைப் பாருங்கள். ‘எக்குயே’ என்றிருந்தால் பிரபு என்று உரிமை கோருகிறார். ‘ஷெவாலியே’ அதற்கு ஒரு படி மேல். (சிவாஜி கணேசனால் நமக்குப் பழகிய செவாலியே இதே சொல்தான், ஆனால் அது விருது, பிரபுத்துவம் இல்லை.) ‘ஒனொராப்ல் ஓம்’ என்றால் வசதியான வணிகர். பலர் இடறி விழும் இடம் ‘நோப்ல் ஓம்’. நேர்ப்பொருள் ‘பிரபு மனிதர்’. ஆனால் 17ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் வக்கீல்களும் மருத்துவர்களும் போட்டுக்கொண்ட அடைமொழி அது. தெற்கே பெயருக்கு முன் வெறும் ‘நோப்ல்’ என்று வந்தால் கதை வேறு, அங்கே அதற்கு மதிப்பு உண்டு.

ஒரே ஒரு ஆவணத்தை நம்பக் கூடாது. கட்சிக்காரர் சொன்னதைத்தான் நோட்டரி எழுதினார். 1666இல் மன்னர் பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கொல்பேர் தொடங்கிய பெரும் விசாரணையில், 1560 முதல் அறுபடாமல் அடைமொழியைக் காட்டச் சொன்னார்கள். காட்ட முடியாதவர்களுக்கு அபராதம், சாமானியர்கள் கட்டும் வரியின் பட்டியலில் மறுபடியும் பெயர். அதே முறையைப் பின்பற்றுங்கள்: ஒவ்வொரு தலைமுறைக்கும் திருமண ஒப்பந்தம், உயில், பாகப்பிரிவினைப் பத்திரம்.

‘ஃபிரான் ஃபியெஃப்’ வரி ரசீது அகப்பட்டால் விஷயம் பெரும்பாலும் முடிந்தது. பிரபு நிலத்தை வைத்திருந்த சாமானியர் 20 ஆண்டுக்கு ஒருமுறை ஓராண்டு வருமானத்தைக் கட்டிய வரி அது, கட்டியவர் சாமானியர். ரசீது இல்லாததால் பிரபு என்று ஆகிவிடாது. சில நகரவாசிகளுக்கு அந்த வரியிலிருந்தே விலக்கு இருந்தது.

விலைக்கு வாங்கிய பதவி வழியாகப் பிரபுவானவர்களுக்குத் தேதிக் கணக்கு முக்கியம். மன்னரின் செயலர் பதவியில் 20 ஆண்டு இருக்க வேண்டும், அல்லது பதவியிலேயே இறக்க வேண்டும். அப்போதுதான் பிரபுத்துவம் பிள்ளைகளுக்கு இறங்கும். சாமானியரின் அழுக்கைப் போக்கும் சோப்பு என்றே அந்தப் பதவியைக் கேலி செய்தார்கள்.

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 19 ஜூன் 1790 அன்று பரம்பரைப் பிரபுத்துவமும் பட்டங்களும் ஒழிக்கப்பட்டன. அதற்கு அடுத்த சில ஆண்டுகளின் பத்திரங்களில் ‘எக்குயே’ காணவில்லை என்றால் பதற வேண்டாம். அப்போது அப்படி எழுதுவதே தடை. 1808க்குப் பிறகு ‘பாரோன்’ தென்பட்டால், அது நெப்போலியன் புதிதாகக் கொடுத்த பட்டமா என்று முதலில் பாருங்கள்.