சிவனொளிபாதத்துக்கு ஒரு யாழ்ப்பாணத்து வான்

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் யாத்திரை என்றால் முதலில் கதிர்காமம்தான். செல்வச்சந்நிதியில் தொடங்கி நடந்தே போகிறவர்கள் இருக்கிறார்கள். நடக்க ஏலாதவர்கள் வான் (வேன்) பிடித்து, வழியில் கோணேஸ்வரம், மாமாங்கம் என்று இறங்கிக் கும்பிட்டுப் போவார்கள். உச்சியில் புனிதப் பாதச்சுவடு இருக்கிற சிவனொளிபாதமலை மட்டும் இந்த வழக்கத்தில் எப்படியோ விடுபட்டுப் போனது. கேட்டால் "அது சிங்கள ஆக்கள் போற இடமெல்லோ" என்பார்கள்.

1344இல் நிலைமை அப்படி இல்லை. மொரோக்கோவிலிருந்து வந்த இபின் பதூதா புத்தளம் பக்கம் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவன் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தி. மலையிலுள்ள பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்று அந்த முஸ்லிம் பயணி கேட்டதும், அரசன் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் சுமைகாரர்களையும் கூட அனுப்பிவைத்தான். அந்த யோகிகள் ஆண்டுதோறும் பாத தரிசனத்துக்குப் போகிறவர்கள் என்றும் பதூதா எழுதியிருக்கிறார். அதாவது யாழ்ப்பாண அரசனிடம் இந்த மலைக்கு வழி தெரிந்த சைவர்கள் இருந்தார்கள். நாங்கள்தான் பிறகு விட்டுவிட்டோம். மாமியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அப்ப போவம்" என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

தைப்பூசம் முடிந்த கையோடு, போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) வராத வார நாளாகப் பார்த்துப் புறப்பட்டோம். ஏ-9 வீதியில் மாத்தளை வரை ஓடி, முத்துமாரியம்மனைக் கும்பிட்டு, கண்டி, கினிகத்தேனை, ஹட்டன் வழியாக மஸ்கெலியா. மவுசாகலை நீர்த்தேக்கத்துக்கு அப்பால் மலை முதலில் தெரிந்தது. சுற்றியுள்ள மலைகளெல்லாம் தோளோடு தோள் நிற்க, இது மட்டும் கூராகத் தனித்து நிற்கிறது. உயரம் 2243 மீற்றர். இதைவிட உயரமான சிகரங்கள் நாட்டில் உண்டு. ஆனாலும் ஏன் எல்லாரும் இதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்த இடத்தில் நின்று பார்த்தால் விளங்கும். நீர்த்தேக்கத்துக்குள் பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றினால் மூழ்கிய கோயில் வெளியே தெரியுமாம். நாங்கள் போனபோது நிறைந்திருந்தது.

மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் கொஞ்சம் படுத்தெழும்பி, நள்ளிரவு கழிந்ததும் ஏறத் தொடங்கினோம். உச்சிக்குச் சுமார் ஏழு கிலோமீற்றர். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். பருவகாலத்தில் வழிநெடுக விளக்குப் போடுகிறார்கள், தேத்தண்ணிக் கடைகளும் உண்டு. முதல் பாதி ஏமாற்றும், நடை போலத்தான் இருக்கும். அதற்குப் பிறகு படிகள் செங்குத்தாகி, கம்பியைப் பிடித்து இழுத்துத்தான் ஏற வேண்டும். அந்தக் காலத்தில் இரும்புச் சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள் என்பதும் பதூதாவின் எழுத்தில் இருக்கிறது.

இறங்கி வருகிற சனம் எங்களைப் பார்த்து "கருணாவய்" என்று, கருணை உண்டாகட்டும் என்ற சிங்கள வாழ்த்தை, சொல்லிக்கொண்டு போனது. மாமி ஒவ்வொருவருக்கும் "அரோகரா" என்று பதில் சொன்னார். ஒருவரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு ஒரு குடும்பம், தாயைத் தோளில் தாங்கிய இளைஞர்கள், பாட்டுப் பாடிக்கொண்டு போகும் கிராமத்துக் கூட்டம். நல்லூர்த் தேரன்றைக்குக்கூட முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் இவ்வளவு கைகொடுத்து நான் பார்த்ததில்லை. இப்படிச் சொல்வதற்கு ஊரில் ஏச்சு விழலாம், பரவாயில்லை.

ஒரு கடையில் தேயிலைத் தோட்டத்துத் தம்பி ஒருவர் இஞ்சித் தேத்தண்ணி தந்தார். "அம்மா, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். அடுத்த கடையிலும் அதையே சொன்னார்கள். மாமி, "இந்தக் கொஞ்சம் எப்ப முடியும் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே ஏறினார்.

உச்சியில் காற்று எலும்பைத் தொடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றோம். சிவபாதம், புத்தரின் பாதம், ஆதம் நபியின் பாதம், புனித தோமையரின் பாதம் என்று நான்கு சமயத்தாரும் வணங்கும் பாதம். துணியால் மூடியிருப்பதால் பாறைச் சுவட்டைக் கண்ணால் காணலாம் என்று எதிர்பார்த்துப் போகக்கூடாது. நிற்கவிடுகிற நேரமும் கொஞ்சம்தான். மாமி கீரிமலை நகுலேஸ்வரத்தில் வாங்கிய திருநீற்றைப் பூசிக்கொண்டு, பூவை வைத்து, சத்தம் வராமல் ஒரு தேவாரம் சொன்னார். அப்புறம் மணி. எத்தனையாவது தடவை ஏறியிருக்கிறோமோ அத்தனை தரம் அடிக்கலாம். எங்களுக்கு ஒன்று. எங்களுக்கு முன்னே நின்ற முதியவர் அடித்துக்கொண்டே இருந்தார்.

சூரியன் எழும்பியதும் எல்லாரும் கிழக்கே பார்த்து நின்றார்கள். மேற்குப் பக்கம் போங்கள் என்பதுதான் என் புத்திமதி. மலையின் நிழல் மேகமூட்டத்தின் மேல் பிசகில்லாத முக்கோணமாக விழுகிறது. தொலைவுக்கு நீளும் மலைநிழல் எதுவும் கண்ணுக்கு அப்படிக் குவிந்துதான் தெரியுமாம். காரணம் தெரிந்தும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி, சிறிது நேரத்தில் காணாமல் போய்விட்டது.

இறக்கம்தான் உண்மையான தவம், முழங்கால் கதறும். பிறகு நுவரெலியாப் பக்கம் போய் சீதையம்மன் கோயிலில் ஆற்றோரம் சற்று இருந்தோம். திரும்பி வரும் வழியில் இறம்பொடை ஆஞ்சநேயரையும் கும்பிட்டோம். சின்மயா மிஷன் கட்டிய அந்தக் கோயில் மலைச்சரிவில் நல்ல காற்றோட்டமாக இருக்கிறது. பிதுருதலாகலைக்குப் போகவில்லை. 2524 மீற்றர், நாட்டின் ஆக உயர்ந்த சிகரம்தான், ஆனால் வாகனத்திலேயே உச்சிக்குப் போய்விடலாம் என்றதும் மாமிக்கு ஆர்வம் போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்கு: பருவம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி, வைகாசிப் பௌர்ணமியில் வரும் வெசாக்கோடு முடியும். தை, மாசியில் வானம் பெரும்பாலும் தெளிவு. வெள்ளி, சனி இரவுகளிலும் போயாவிலும் படியில் நகர இடமிராது. நல்ல குளிர்ச்சட்டையும் மாற்று உடுப்பும் கட்டாயம் வேண்டும், ஏறும்போது வியர்த்தது உச்சியில் உறைய வைக்கும். இரத்தினபுரிப் பக்கமும் ஒரு பாதை இருக்கிறது. அது இன்னும் நீளம், இன்னும் கடினம். மாமி அதைத்தான் இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறார்.