உம் கொட்ட ஒரு ஆள் வேண்டும்

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை விட்டு வந்த கதையை அப்பத்தா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஆனால் போன வாரம் மகளுக்கு நான் சொல்லப்போய் தேதி, காற்று, கடல் அடித்துப்போன பாம்பன் ரயில் என்று செய்தி வாசிப்பதுபோல அடுக்கிவிட்டேன், அவள் கொட்டாவி விட்டாள். சரி என்று அத்தைக்குப் போன் போட்டேன்.

"ஏண்டா, அம்மா புயல்லயா ஆரம்பிப்பா? சோத்துக்குத் தண்ணி ஊத்தி வச்சதுல இல்ல ஆரம்பிப்பா!"

உண்மைதான். பானையை மூடிவிட்டுப் படுத்தவர்களுக்குக் காலில் ஈரம் பட்டிருக்கிறது, எழுந்து பார்த்தால் தாத்தாவின் ஒற்றைச் செருப்பு வீட்டுக்குள் மிதக்கிறது. அந்த இடத்தில் அப்பத்தா நிறுத்திவிடுவார். நாங்கள் 'உம்' கொட்டினால்தான் கதை நகரும்.

மறுநாள் ராத்திரி நானும் செருப்பில் நிறுத்தினேன்.

"ம்... அப்புறம்?" என்றாள் மகள்.

இன்னொரு செருப்பு என்ன ஆனதாம், அத்தையிடம்தான் கேட்க வேண்டும்.